பூனை கிண்டாமல் இருக்க வல்லாரைப் பைக்கு என்ன மூடாக்கு?

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி பல்கனி. 12 அங்குலச் செடிப் பைகள் எட்டு. மிளகாய், பொன்னாங்காணி, வல்லாரை. கலவை தும்புத்தூள் 2 பங்கு, மண் 1, கொம்போஸ்ட் 1. பூனைகள் இரண்டு, இரண்டுக்கும் கருத்தடை செய்தாச்சு. மூன்று கிழமையாக இந்தப் பைகள்தான் அதுகளுக்குக் கக்கூஸ். காய்ந்த தும்புத்தூள் கிண்ட லேசு, அதுதான் காரணம்.

மணல் பெட்டி இரண்டை மூன்றாக்கி, காலையும் மாலையும் அள்ளுகிறேன், பலனில்லை. தோடம்பழத் தோல் இரண்டு நாளில் வாசம் போய்விட்டது. சிரட்டைத் துண்டுகளை நெருக்கி அடுக்கினேன், பூனை கிண்டுவது நின்றது. ஆனால் மழைக்கு அடியில் ஈரம் காயாமல் மிளகாய்க் கன்றுகள் ஐந்து தண்டடியில் கறுத்துச் சாய்ந்தன. அரை அங்குலக் கம்பி வலை மிளகாய்க்குச் சரி. வல்லாரையோ வலைக் கண்ணுக்குள்ளால் ஏறிப் படர்ந்துவிட்டது, வலையைத் தூக்கினால் கொடியும் வேரோடு வருகிறது.

அந்துருண்டை, கோப்பித்தூள் சொல்ல வேண்டாம், இரண்டும் பூனைக்கு நஞ்சு. வல்லாரை பச்சையாகச் சம்பலுக்குப் போவது; பூனை மலத்தில் டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம் என்பதால் கழுவிச் சமாளிக்கவும் மனமில்லை.

படரும் கீரைக்கு, ஈரம் தேங்காமல், அறுக்கும்போது எளிதாகக் கழற்றக்கூடிய மூடாக்கு எதைப் பாவிக்கிறீர்கள்?