நுரையீரல் அறுவைக்குப் பின்னும் கஞ்சா: தம்பியை எப்படி நிறுத்துவது?

வணக்கம். காட்பாடியில் இருக்கிறோம். தம்பிக்கு நுரையீரலில் அறுவை சிகிச்சை முடிந்து 3 வாரம் ஆகிறது. நேற்றிரவு மொட்டைமாடியில் கஞ்சா புகைத்துக்கொண்டிருந்தான். இருமல் வந்ததும் தையல் போட்ட விலாவில் தலையணையை அணைத்துக்கொண்டு சுருண்டுவிட்டான். "சிகரெட்தானே கூடாது, இது மூலிகை" என்கிறான். எதுவானாலும் புகை புகைதானே? தாரும் கார்பன் மோனாக்சைடும் இதிலும் உண்டு. ஆழமாக இழுத்து அடக்கிவைப்பது ஆறாத நுரையீரலுக்கு இன்னும் கெடுதல். சளி கட்டி நிமோனியா வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மருத்துவரிடம் சொன்னால் போலீஸ் வரும் என்று அம்மா தடுக்கிறார். மறைப்பதுதான் ஆபத்து என்பது என் எண்ணம். வலி மாத்திரையோடு கஞ்சாவும் சேர்ந்தால் மயக்கம் கூடும்.

14446 போதை மீட்பு உதவி எண்ணில் பேசியவர்கள் இருக்கிறீர்களா? அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் எந்தப் பிரிவில் கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து இன்றே சொல்லுங்கள்.