முதல் கேமிங் பிசி: பார்ட்ஸ் வாங்கப் போன இடத்தில் நடந்தது (அனுபவப் பகிர்வு)

ஓமலூரான்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனவர்களுக்கு அந்தக் கூட்டமும் சத்தமும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். 2022 கடைசி. லிஸ்ட் கையில் இருந்தது: ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550 மதர்போர்டு, எட்டு எட்டாக 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி). எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்த கடைக்காரர், கடைசி வரி வந்ததும் பேனாவை எடுத்து அதை அடித்தார். "கேபினெட்டோட 500 வாட் சும்மாவே வருது தம்பி. அந்தக் காசுக்கு நாலு ஆர்ஜிபி ஃபேன் போட்டுத் தர்றேன், சும்மா ஜொலிக்கும்."

வேண்டாம் என்றேன். "கேம்தானே ஆடப் போறீங்க, ராக்கெட்டா விடப் போறீங்க?" என்றார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நான் கேபினெட்டைத் திருப்பி எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படித்தேன். மேலே கொட்டை எழுத்தில் 500. கீழே பொடி எழுத்தில், 12 வோல்ட் லைனுக்கு 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். கார்டு மட்டுமே 170 வாட் கேட்கும், ப்ராசஸருக்கு இன்னும் எழுபது எண்பது வரை போகும். இரண்டும் அந்த 12 வோல்ட்டை நம்பித்தான் ஓடுகின்றன. கார்டுக்குச் செருக 8 பின் வயர்கூட அதில் இல்லை. "கன்வெர்ட்டர் போட்டுக்கலாம்" என்றார்.

என்னை உறுத்துவது இது இல்லை. பக்கத்தில் ஒரு அப்பாவும் ப்ளஸ் டூ முடித்த பையனும் நின்றிருந்தார்கள். கிட்டத்தட்ட அதே லிஸ்ட், அதே கேபினெட். அப்பாவிடம் இந்தப் பெருக்கல் கணக்கைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, கடைக்காரரைப் பார்த்தார். "யூட்யூப் பார்த்துட்டு வந்துடுறாங்க சார்" என்றார் கடைக்காரர். பில் போட்டாயிற்று. பையன் மட்டும் குனிந்து அந்த ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டே இருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, அப்பாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய் என்ன ஆனதோ.

இப்படிக் கடையில் நடந்தது உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள். பார்ட்ஸ் லிஸ்ட் கேட்கும் இழை (த்ரெட்) இல்லை இது.

கரூர் பட்டறை

என் கதை சின்னது. எங்கள் தெருவில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் தண்ணி மோட்டார் போடுவார்கள், லைட் மங்கி எரியும். அப்படி ஒரு நேரத்தில் பெயர் தெரியாத ஒரு எஸ்எம்பிஎஸ் 'டப்' என்றது. அது போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. கார்டு பிழைத்தது.

ஆனால் ஓமலூரான், 650 வாட் என்று எழுதியிருந்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். நிறையப் பேர் 80 ப்ளஸ் முத்திரையைப் பாதுகாப்பு முத்திரை என்று நினைக்கிறார்கள். ப்ளக்கிலிருந்து இழுக்கும் கரண்ட்டில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போய்ச் சேருகிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். 115 வோல்ட் சோதனையில், பாதி லோடில் ப்ரான்ஸ் முத்திரைக்கு 85 சதவீதம், கோல்டு முத்திரைக்கு 90 சதவீதம். ஷார்ட் ஆனால் தானே அணையுமா, வோல்ட்டேஜ் எகிறினால் தடுக்குமா என்பதெல்லாம் வேறு கேள்வி. யாராவது பிரித்துப் பார்த்து எழுதிய ரிவ்யூவில்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

அப்புறம் யூபிஎஸ். 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் 'பீப்' என்று ஒரு சத்தம், உடனே இருட்டு. விலை குறைந்த யூபிஎஸ் தருவது நிஜமான சைன் அலை இல்லை, படிக்கட்டு வடிவ அலை. ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட்டைச் சீராக இழுக்க வைக்கும் சர்க்யூட்) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் சிலது அதை ஏற்காமல் அணைந்துவிடும். யூபிஎஸ்ஸில் 300 வாட் பல்பு எரிகிறதே என்று வாதாட வேண்டாம், பல்பு எதையும் தின்னும்.

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? ப்ளக் பாயின்ட்டில் எர்த் சரியில்லை. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ரேம் ஸ்பீடை அப்புறம் பேசலாம். மாடுலர் எஸ்எம்பிஎஸ் (வயரைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை) வாங்குபவர்கள் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் வயரைப் புதியதில் செருகாதீர்கள். பின் ஒன்றுபோலப் பொருந்தும், உள்ளே வரிசை மாறியிருக்கும், எஸ்எஸ்டி அந்த நிமிடமே செத்துப்போகும்.

நீலி

கரூர் பட்டறை சார், எர்த் பாடத்துக்கு நன்றி, அதை யாரும் கேட்கவில்லை. இழை கடையில் நடந்ததைப் பற்றி.

கோவை, 2022 கடைசி. அதற்கு முந்தைய வருஷம் அமெரிக்காவில் 329 டாலர் என்று அறிவித்த 3060 அந்த வருஷமே இங்கே அதைப் போல இரண்டு மடங்குக்குப் போனது. அதைக்கூட மானிட்டரோடு சேர்த்து வாங்கினால்தான் தருவோம் என்று சொன்ன கடைகள் உண்டு. எல்லாரும் கார்டை வைத்து மைனிங் (கணக்குப் போட வைத்து கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது) செய்துகொண்டிருந்தார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியது, கார்டில் மைனிங் செய்து இனி பலனில்லை என்றானது, அத்தனை கார்டும் செகண்ட் ஹேண்டில் வந்து கொட்டியது. நானும் ஒன்று பார்க்கப் போனேன்.

விற்றவர் நல்லாப் பேசினார். "ஒரு வருஷமா நான்தான் மேடம் கேம் ஆடினேன், லைட்டாத்தான் யூஸ் பண்ணினேன்." கார்டு பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. பின்பக்கம் திருப்பினேன். டிஸ்ப்ளே போர்ட், எச்டிஎம்ஐ எல்லாவற்றிலும் கம்பெனியில் செருகி அனுப்பும் பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது. நாலிலும்.

"ஒரு வருஷம் ஆடினீங்களே, மானிட்டரை எங்கே செருகினீங்க?" என்று கேட்டேன். அவர் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது... தூசி போகக் கூடாதுன்னு திரும்பப் போட்டேன்" என்றார். அந்த வேகத்தை மெச்சத்தான் வேண்டும். வாங்கவில்லை.

பழைய580

மைனிங் கார்டு என்றாலே குப்பை என்று எழுதுவதை எப்போது நிறுத்துவீர்கள்? என் கார்டு, ஆர்எக்ஸ் 580 எட்டு ஜிபி, மைனிங் செய்த ஒருவரிடம் வாங்கியது, இன்றும் ஓடுகிறது. மைனிங் செய்பவன் கரண்ட் பில்லுக்குப் பயந்து வோல்ட்டேஜைக் குறைத்துத்தான் ஓட்டுவான். சூடு ஏறி இறங்கி ஏறுவதைவிட ஒரே சூட்டில் இருப்பது சிப்புக்கு நல்லது. தேய்வது ஃபேனும், சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேடும். ஃபேன் சத்தம் கேளுங்கள், மெமரி சூடு எவ்வளவு என்று பாருங்கள், பயாஸ் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) மாற்றியிருந்தால் பழையதை ஏற்றிவிடுங்கள். முடிந்தது. மூடி இருந்ததாம், அதற்காக நல்ல கார்டை விட்டுவிட்டு வந்தாராம்.

நீலி

மைனிங் கார்டு என்று சொல்லி விலை கேட்டிருந்தால் வாங்கியிருப்பேன். கேம் ஆடினேன் என்று கேம் கார்டு விலை சொன்னார். நான் விட்டுவிட்டு வந்தது ஆளை.

வெள்ளவத்தை

யூனிட்டி பிளாசா, பம்பலப்பிட்டி. கொழும்பில் கணினிச் சாமான் வாங்குகிற எல்லோரும் ஏறி இறங்கும் இடம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயைச் சுற்றி நின்றது, மே மாதம் 360 வரை போனது. இடையில் கணினி கட்ட ஆசைப்பட்டவன் நான்.

கொட்டேஷன் தாளின் அடியில் "விலை 7 நாட்களுக்குச் செல்லுபடியாகும்" என்று அச்சடித்திருந்தது. கடைப் பொடியன் பேனையால் அதை வெட்டிப்போட்டு "இன்று பின்னேரம் வரை" என்று எழுதித் தந்தான். காசு எடுக்க வங்கிக்குப் போய் வந்தேன், இரண்டு ரேமும் விலை ஏறியிருந்தன. சண்டைக்குத்தான் போனேன். முதலாளி குரல் உயர்த்தாமல் சொன்னார்: "தம்பி, இதை உங்களுக்கு வித்துப்போட்டு, அதே காசுக்கு நான் திரும்ப ஒண்டு எடுத்து வைக்க ஏலாது." கல்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். தன் லாபத்தையும் அதில் தட்டிக் காட்டினார், பரிதாபமான தொகை. எந்தக் கடைக்காரரும் எனக்கு அப்படிக் காட்டியதில்லை. மேலே எழுதியவர்கள் ஏமாற்றுக்காரரைச் சந்தித்திருக்கிறீர்கள், நான் ஏமாற்றாத ஒருவரிடம் கோபப்பட்டேன், அந்த முகம்தான் நினைவில் நிற்கிறது.

கார்ட் எடுக்கக் காசு மிஞ்சவில்லை. உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள 5600ஜி ப்ராசஸர் எடுத்து வந்து, பூட்டி முடித்துப் பார்த்தால் கரண்ட் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். யூபிஎஸ் பற்றி எழுதிய கரூர் அண்ணை, 13 மணித்தியாலத்துக்கு எத்தனை விஏ வேணும்?

கரூர் பட்டறை

அதற்கு யூபிஎஸ் இல்லை, ஜெனரேட்டர். இருந்தாலும் 5600ஜி பற்றி ஒன்று. பெயர் பார்த்து 5600-உம் அதுவும் ஒன்று என்று நிறையப் பேர் எடுக்கிறார்கள். ஜி-யில் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 16 எம்பி, மற்றதில் 32. கார்டு பேசும் பாதையான பிசிஐஇ-யும் மூன்றாம் தலைமுறைதான். பின்னால் கார்டு போடும்போது கொஞ்சம் உறுத்தும். கார்டு வாங்கவே வழியில்லாத நேரத்தில் நீங்கள் எடுத்தது சரிதான், அதைக் குறை சொல்லவில்லை. ஜி வாங்குபவர்கள் ரேமை மட்டும் இரண்டாகப் போடுங்கள். உள் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் சாப்பிடும். ஒற்றை ரேமில் அது பட்டினி கிடக்கும்.

தேனி ஃப்ரேம்ஸ்

என் பெரியப்பா தன் மகளுக்கு, அதாவது என் தங்கச்சிக்கு, பிறந்தநாள் பரிசு என்று ஆன்லைனில் ஒரு 'கேமிங் பிசி' வாங்கினார். 2023. ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராஃபிக்ஸ், 17 ஆயிரம் சொச்சம். இந்த விளம்பரத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வீட்டில் கூட்டம். ஆன் செய்ததும் ஏழு நிறம் சுற்றியது, அத்தை கைதட்டினார்.

"ஐ5-ஐ விட ஐ7 பெருசுதானப்பா?" என்று பெரியப்பா என்னைக் கேட்டார். நான் என்ன சொல்வது என்று முழிப்பதற்குள் தங்கச்சி சிஸ்டம் பேஜைத் திறந்துவிட்டாள். ஐ7-2600. போனில் தேடினாள். 2011 ஜனவரி. "அண்ணா, இது நான் எல்கேஜி போறதுக்கு முன்னாடி வந்தது" என்றாள், எல்லோர் முன்னாலும். கார்டு ஜிடி 730, 2014. போர்டில் எச்61 என்று சிப்செட் பெயர் மட்டும் இருந்தது, கம்பெனி பெயரே இல்லை. பெரியப்பா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் எண்தான் எல்லாம். 2022-இல் வந்த ஐ3-12100எஃப் அந்தப் பழைய ஐ7-ஐத் தூக்கிச் சாப்பிடும். (எஃப் என்று முடிந்தால் உள் கிராஃபிக்ஸ் இல்லை, கார்டு கட்டாயம்.) மைக்ரோசாஃப்ட் கணக்கில் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றில் ஒருசிலதைத் தவிர மற்றதற்கு விண்டோஸ் 11 கிடையாது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. திருப்பி அனுப்பலாம் என்றேன். "அனுப்பினா அப்பா மனசு கஷ்டப்படும்" என்று அவளே வைத்துக்கொண்டாள். இப்போது அதில் டாலியில் கணக்கு எழுதுகிறார்கள், பெரியப்பாவின் உரக்கடைக்கு.

ஹெர்ட்ஸ்144

நண்பன் வீட்டுக்குப் போனேன். 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 தடவை படம் மாறும்) மானிட்டர் வாங்கி ரொம்ப நாள் ஆகிறது, பெருமையாகக் காட்டினான். மவுஸை ஆட்டியதும் சந்தேகம் வந்தது. செட்டிங்ஸ் போனால் 60-இல் இருந்தது. மாற்றினேன். "டேய், இது வேற மானிட்டர்டா" என்று கத்தினான். மானிட்டர் பெட்டியில் வந்த புது கேபிள் பிரிக்காமல் அலமாரி மேல் கிடந்தது. அவ்வளவுதான் என் பங்கு.

ரேம் ராசி

வெள்ளவத்தை எழுதியதைப் படித்ததும் 2025 டிசம்பர் நினைவு வந்தது. நான் ஏஎம்5 (ஏஎம்டி-யின் புதிய ப்ராசஸர் சாக்கெட்) பக்கம் போகலாம் என்று 2025 நடுவிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஏஎம்5 என்றால் டிடிஆர்5 ரேம் தவிர வேறு வழி இல்லை. டிசம்பரில் கடைக்குப் போனால் ரேமுக்கு விலைச்சீட்டையே எடுத்துவிட்டார்கள். நகைக்கடை போல "இன்னைக்கு ரேட் என்னன்னு கேட்டுச் சொல்றேன்" என்று உள்ளே போனார் விற்பனையாளர். வந்து சொன்ன தொகை, நான் போட்டு வைத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி மொத்தமும் போகிறது. மெமரி செய்யும் மைக்ரான் கம்பெனி அந்த மாதம்தான் க்ருஷியல் பெயரில் நம் போன்றவர்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது.

விற்பனையாளர் சொன்ன ஆறுதல் இன்னும் கடுப்பாக இருக்கிறது: "அடுத்த வாரம் வந்தீங்கன்னா, இன்னைக்கே வாங்கியிருக்கலாம்னு தோணும் சார்." அடுத்த வாரம் போனேன். தோன்றியது.

பழைய580

அதனால்தான் சொல்கிறேன், பழைய டிடிஆர்4 போர்டை மாற்றாமல் பழைய சாக்கெட்டான ஏஎம்4-இலேயே 5700எக்ஸ்3டி ப்ராசஸர்...

நீலி

லிஸ்ட் இழை இல்லை இது என்று மேலேயே எழுதியிருக்கிறார்.

ஓமலூரான்

விடுங்கள், அவரும் எழுதட்டும். எனக்கு ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது, கரூர் பட்டறைக்கு. அன்று அந்த அப்பா வாங்கிய கேபினெட்டில் 3060 போட்டு ஓட்டினால் உடனே போய்விடுமா, இல்லை கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்குமா?

கரூர் பட்டறை

கேம் ஓடாமல் சும்மா டெஸ்க்டாப் திரையில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. கேம் லோட் ஆகி கார்டு முழுசாக இழுக்க ஆரம்பித்ததும் பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். அப்படி ஆனால் அதிர்ஷ்டம், உள்ளே ஏதோ ஒரு பாதுகாப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். ரீஸ்டார்ட் ஆகாமல் மாதக்கணக்கில் ஓடினால்தான் பயம். பையன் ஸ்டிக்கரைப் படித்தான் என்கிறீர்களே, முதல் ரீஸ்டார்ட்டிலேயே அவன் கண்டுபிடித்திருப்பான். ஃபேனைக் கழற்றி விற்றாவது வேறு எஸ்எம்பிஎஸ் வாங்கியிருப்பான்.