கதிர்வயது: நெல் மரபியலுக்கு ஒரு சொல்

அன்புடையீர்,

நெல் மரபியலில் கதிர் வெளிவருவதைக் குறிக்க வரும் 'ஹெடிங் டேட்' (heading date) என்பதற்குப் 'பூக்கும் காலம்' என்று வைத்துக்கொள்ளலாம் என்ற முன்மொழிவை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. 'பூப்பு நாள்' அதைவிட மோசம். யாங்கோனில் எந்தப் பாட்டியிடம் சொன்னாலும் மஞ்சள் நீராட்டு யாருக்கு என்றுதான் கேட்பார். நெல்லில் ஆய்வாளர் குறித்துக்கொள்வது பூ விரிவதை அன்று, கடைசி இலையான கண்ணாடி இலையின் உறையைப் பிளந்துகொண்டு கதிர் வெளிப்படுவதை. நெற்பூ திறந்து மூடுவது முற்பகலில் சிறிது நேரத்துக்குள் முடிந்துவிடும். வரப்பில் நின்று பார்க்கிறவர் கண்ணில் படுவது கதிர்தான்.

'கதிர்நாள்' என்பது நல்ல சொல்லே. ஆயினும் அது நாட்காட்டித் தேதியா, விதைத்ததிலிருந்து எண்ணிய நாட்களா என்பது விளங்கவில்லை. மியான்மரின் ஐராவதி டெல்டாவில் போசான் போன்ற, பகல்நீளம் உணரும் மழைக்கால நெல்லை ஜூனில் விதைத்தாலும், மழை ஏமாற்றியதால் ஜூலைக்குத் தள்ளி விதைத்தாலும், பகல் போதிய அளவு குறுகிய பிறகே கதிர் வருகிறது. தேதி அதிகம் நகர்வதில்லை, நாட்களின் எண்ணிக்கையே குறைகிறது. யாங்கோனில் ஜூன் மாதப் பகல் சுமார் 13 மணி, டிசம்பரில் சுமார் 11 மணி; பயிர் இந்த வேறுபாட்டுக்குள்தான் தன் பருவத்தை அறிந்துகொள்கிறது. பகல்நீளத்தைப் பொருட்படுத்தாத கோடை நெல்லிலோ எண்ணிக்கை பெரிதும் மாறாமல் இருக்க, தேதி விதைப்பின் பின்னாலேயே போகும்.

ஆங்கிலப் பெயரில் தேதி என்று இருந்தாலும், மரபியலார் அளப்பது பெரும்பாலும் எண்ணிக்கையைத்தான். நிப்பான்பரே, கசலத் என்னும் இரு நெல்வகைகளைக் கலந்து பெற்ற சந்ததிகளில் எந்தச் செடி எத்தனை நாளில் கதிர்விட்டது என்று எண்ணியே, கதிர்விடும் காலத்தை ஆளும் ஹெச்டி (Hd) வரிசை மரபணுக்களின் இருப்பிடத்தை நெருங்கினார்கள். 2000இல் பிரித்தறியப்பட்ட ஹெச்டி1 குறும்பகலில் கதிரை விரைவுபடுத்துகிறது. நெடும்பகலில் அதுவே தடையாகிறது. ஹெச்டி3ஏ மரபணுவின் புரதம் இலையில் உருவாகித் தண்டின் நுனிக்குச் செல்வதை 2007இல் காட்டினார்கள். 1930களில் பெயர் மட்டும் சூட்டப்பட்டு, பல பத்தாண்டுகள் பிடிபடாதிருந்த, பூக்கத் தூண்டும் பொருளான ஃபுளோரிஜென் நெல்லில் அப்போதுதான் கையில் சிக்கியது. 2008இல் அறியப்பட்ட ஜிஹெச்டி7 என்னும் மரபணு நெடும்பகலில் கதிரைத் தாமதப்படுத்துவதோடு, மணிகளின் எண்ணிக்கையையும் செடியின் உயரத்தையும் கூட்டுகிறது. தாமதமானால் விளைச்சல் ஏறக்கூடும் என்னும் இந்த உறவைச் சொல்லத் தேதி உதவாது, நாட்கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்குக்கு நம்மிடம் ஏற்கெனவே 'வயது' இருக்கிறது. 120 நாள் வயதுடைய நெல் என்றால் தமிழ் விவசாயி யாருக்கும் உரை தேவையில்லை. ஆகவே விதைப்பிலிருந்து கதிர் வெளிப்படும்வரை உள்ள நாட்களுக்குக் 'கதிர்வயது' என்பதையும், நாட்காட்டித் தேதிக்கு மட்டும் 'கதிர்நாள்' என்பதையும் முன்மொழிகிறேன். வயது என்றாலே அறுவடைவரை உள்ள காலம் அல்லவா என்று கேட்கலாம். அது 'பயிர்வயது'. கதிர் வந்தபின் மணி முற்ற ஏறக்குறைய 30 நாள் பிடிப்பதால் இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. மரபணுப் பெயர்களை மொழிபெயர்க்காமல் ஒலிப்பெயர்ப்பாகவே விடலாம். தரவுத்தளங்களில் தேடுகிறவர்களைத் திண்டாட வைக்க வேண்டியதில்லை. 'ஹெச்டி1 செயலிழந்த செடியின் கதிர்வயது குறும்பகலில் கூடுகிறது' என்ற வாக்கியத்தில் சொல் எங்கேனும் இடறுகிறதா என்று வேளாண்மை படித்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.