எனக்கு எச்.ஐ.வி. என்பதை அவரிடம் எப்போது, எப்படிச் சொல்வது?

வைகைக்கரையான்:
மதுரைக்காரன். வயது முப்பத்து நான்கு. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து கொடுக்கும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையின் கடைசி முடிவில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தது. புட்டியில் ஒட்டியிருக்கும் காகிதத்தை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டுத்தான் வீட்டில் வைப்பேன். அம்மாவுக்கு அது சத்து மாத்திரை.

கோவையைச் சேர்ந்த ஓர் ஆணுடன் சில மாதங்களாகப் பழக்கம். இதுவரை பேச்சோடு சரி. அடுத்த வாரம் மதுரைக்கு வருகிறார். முன்பு ஒருவரிடம் செயலியில் எழுதிச் சொன்னேன். அவர் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். குழுவில் பாதிப் பேர் என்னைத் தடை செய்துவிட்டார்கள். அவர்களில் பலர் ஒருமுறைகூடப் பரிசோதனைக்குப் போகாதவர்கள் என்பது எனக்குத் தெரியும். சட்டப்படி நான் சொல்லியே ஆக வேண்டுமா? ஆணுறை மட்டும் போதாதா?

நொய்யல்:
சொல்லாமல் படுக்கைக்கு அழைப்பது பச்சைத் துரோகம். தெரிந்தே பரப்பினால் சிறைதான். இதில் கேட்க என்ன இருக்கிறது?

பழைய ஆலோசகன்:
நொய்யல், கொஞ்சம் பொறுங்கள். பரவும்படி நடந்தால்தானே சிறை?

தம்பி, நான் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் வேலை பார்த்தவன். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பத்தாவது பிரிவு, தொற்று பரவாமல் இருக்க நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுக்கச் சொல்கிறது. முன்கூட்டியே சொல்வது அதில் ஒரு வழி. ஆபத்தைக் குறைக்கும் முறைகளைக் கையாள்வது இன்னொரு வழி. நம்பிச் சொன்ன செய்தியை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று எட்டாவது பிரிவில் இருக்கிறது. குழுவில் படம் போட்டவர் அதைப் படித்திருக்க மாட்டார். நோய் பரவும்படி நடப்பதற்கான தண்டனைப் பிரிவுகளும் உண்டு, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 271, 272. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவரை நினைத்து எழுதிய பிரிவுகள் அல்ல அவை.

மருத்துவத்துக்கு வருகிறேன். ஐரோப்பாவில் 14 நாடுகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் சுமார் 780 ஆண் இணையர்கள் இருந்தார்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி., மற்றவருக்கு இல்லை, ஆணுறை போடாதவர்கள். மருந்தால் வைரஸ் அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. 15 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது உண்மை. வைரஸின் மரபணுவைப் பார்த்தபோது அத்தனையும் வெளியாரிடமிருந்து வந்தவை. ஆணுறை மேகநோய், வெட்டை நோய் போன்ற மற்ற பால்வினை நோய்களுக்கும் தடுப்பு, அதனால் அதை விட வேண்டாம்.

இருந்தாலும் சொல்லுங்கள் என்பேன். சட்டத்துக்காக அல்ல. இவரோடு நீண்ட நாள் வாழ நினைத்தால், அந்தச் சத்து மாத்திரைக் கதையை இன்னொரு வீட்டிலும் நடத்த வேண்டியிருக்கும். எழுத்தில் மட்டும் சொல்லாதீர்கள். நேரில், கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு, உடுப்போடு இருக்கும்போதே சொல்லுங்கள்.

இரண்டாம் தலையணை:
நான் எதிர்ப்பக்கம். எச்.ஐ.வி. இல்லாதவன், இருப்பவரோடு வாழ்கிறேன். அவர் பரோட்டாக் கடையில் வைத்துச் சொன்னார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சில நாள் பேசவும் இல்லை. பிறகு அவருடைய மையத்துக்கே போய் ஆலோசகரிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். ஒரே தட்டில் சாப்பிடலாமா என்பதுவரை கேட்டேன். இப்போது இரவு ஒன்பது மணிக்கு மாத்திரையை நினைவுபடுத்துகிறவன் நான்தான். உங்கள் நண்பர் முதலில் எழுந்து போனால் அதையே முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரையும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097க்குப் பேசினால் பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

நொய்யல்:
ஆய்வு பற்றி எனக்குத் தெரியாது. ஆனாலும் என்னிடம் சொல்லாமல் விட்டால் கோபம் வரும்.

பழைய ஆலோசகன்:
வரட்டும், நியாயம்தான். சொன்னவரைக் குழுவில் இழுத்துவிடுகிறவன்மேலும் அதே கோபம் வரட்டும்.

வைகைக்கரையான்:
நன்றி அண்ணா. நேரில் சொல்கிறேன். இடம்தான் கிடைக்கவில்லை. தெப்பக்குளம் பக்கம் போனால் அலுவலக ஆட்கள், திருப்பரங்குன்றத்தில் சித்தி வீடு. வைரல் லோடு தாளைக் கையில் எடுத்துப் போகலாமா?

பழைய ஆலோசகன்:
எடுத்துப் போங்கள். படிக்கக் கொடுங்கள், திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.