சிகிச்சைக்கு மலேசியா போகிறோம், எந்த இன்சூரன்ஸ் எடுப்பது?

வணக்கம். நாங்கள் மன்னார்குடி பக்கம். கல்யாணமாகி ஒன்பது வருடம், இன்னும் குழந்தை இல்லை. திருக்கருகாவூர் கோயில் நெய்யும் சாப்பிட்டாயிற்று, இரண்டு முறை ஐ.வி.எஃப்.பும் (டெஸ்ட் டியூப் சிகிச்சை) செய்தாயிற்று. கோலாலம்பூரில் இருக்கும் நாத்தனார் அங்கே வரச் சொல்கிறார். குறுவை அறுப்பு முடிந்ததும் கிளம்புகிறோம்.

குழப்பம் டிராவல் இன்சூரன்ஸில்தான். ஏஜென்ட் தம்பி "எல்லாம் கவராகும்க்கா" என்றார். பாலிசியை உட்கார்ந்து படித்தால், எந்தச் சிகிச்சைக்காகப் போகிறோமோ அது சம்பந்தமான எதற்கும் பணம் கிடையாதாம். சிகிச்சைச் செலவை நான் கேட்கவே இல்லை, அது எங்கள் கைக்காசு. என் பயம் வேறு. முட்டை வளர ஊசி போடும்போது சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிடும். எனக்குப் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருப்பதால் அதற்கு வாய்ப்பு அதிகம் என்று டாக்டரே சொன்னார். அந்தச் செலவை ஏற்கும் பாலிசி யாராவது எடுத்திருக்கிறீர்களா? முட்டை சரியாக வளராமல் பாதியில் நிறுத்தித் தேதி தள்ளிப்போனால், டிக்கெட் பணமாவது திரும்பக் கிடைத்ததா?

சுற்றுலா என்று போட்டு எடு என்கிறார்கள் சிலர். கிளைம் கேட்கும்போது அதையே காட்டித் தள்ளிவிடுவார்கள், அந்த யோசனை மட்டும் வேண்டாம். மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை, அதனால் இன்பாக்ஸில் சொன்னாலும் சரி.