5 அடி மீன்தொட்டியைத் தூக்கும் மோட்டார் ஸ்டாண்டு ஒரு மூலையில் கோணுகிறது, உதவி தேவை

சோமனூர் தறிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கங்க. வீட்டில் 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் தொட்டி இருக்கிறது. 12 மி.மீ. கண்ணாடி, உள்ளே இரண்டு ஆஸ்கர் மீன். ஸ்டூலில் ஏறி நின்று பாசி சுரண்டுவது எப்போதும் அப்பாவின் வேலை. போன வருஷம் முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஏற முடியவில்லை. நாங்கள் சுரண்டினால் அவருக்குப் பிடிப்பதும் இல்லை. அதனால் தொட்டியையே ஓர் அடி இறக்கி ஏற்றும்படி ஸ்டாண்டு செய்தேன்.

50 மி.மீ. ஸ்கொயர் டியூபில் சட்டம். நாலு மூலையிலும் 24 வோல்ட் லீனியர் ஆக்சுவேட்டர் (மோட்டாரால் நீண்டு சுருங்கும் தண்டு), ஒவ்வொன்றிலும் 1500 நியூட்டன் என்று போட்டிருக்கிறது. நாலுக்கும் ஒரே சப்ளை, ஒரே சுவிட்ச். காலித் தொட்டியோடு ஜம்மென்று ஏறி இறங்கியது. தண்ணீர் நிரப்பி ஏற்றினால் நாலு விரல்கடை போவதற்குள் இடது பின் மூலை பின்தங்குகிறது. தண்ணீர் மட்டம் ஒரு பக்கம் 6 மி.மீ. சாய்ந்துவிட்டது. நடுவில் 'டிக்' என்று ஒரு சத்தம் வேறு. பயந்து நிறுத்தி, நாலு பக்கமும் செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த மூலைக்கு மட்டும் பெரிய ஆக்சுவேட்டர் போட்டால் சரியாகிவிடுமா?

திருப்பூர் மீன்பைத்தியம்:
முதலில் ஒன்று சொல்லுங்கள். தொட்டிக்குள் அந்த மூலையில்தான் அலங்காரக் கல் அடுக்கியிருக்கிறீர்களா? சாய்ந்ததும் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிப் பாரம் இன்னும் ஏறியிருக்கும், அதனால்தான் மேலும் மேலும் இறங்குகிறது.

அப்புறம், 2 படி வைத்து அகலமான மேடை ஒன்று அடித்துக் கொடுத்தால் அப்பா ஏற மாட்டாரா? காந்த சுரண்டி இருக்கிறது, நீளக் கைப்பிடி சுரண்டி இருக்கிறது. இதற்காகத் தொட்டியையே தூக்க வேண்டுமா என்று தோன்றியது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சோமனூர் தறிக்காரன்:
ஆமாங்க, அந்த மூலையில்தான் கருங்கல், 60 கிலோ இருக்கும். மேடையும் அடித்துப் பார்த்தேன், முதல் படியிலேயே கால் நடுங்குகிறது என்று இறங்கிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை விட்டுச் சுரண்ட வேண்டுமாம்.

ஆவாரம்பாளையம் லேத்து:
தம்பி, மொத்தப் பாரத்தைக் கூட்டினீர்களா? நான் போட்ட கணக்கு இது. தண்ணீர் மேலே கொஞ்சம் குறைத்து 480 கிலோ. கண்ணாடி 100 கிலோ பக்கம். கல் 60, மணல் 40. சட்டம், பிளைவுட், மூடி எல்லாம் சேர்ந்து 700 வரும். 1500 நியூட்டன் என்றால் 150 கிலோ, நாலுக்கு 600. நாலும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டாலே பற்றாது, கல் இருக்கும் மூலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். டி.சி. மோட்டாருக்குப் பாரம் ஏறினால் வேகம் குறையும். ஒரே சுவிட்ச் என்பதால் நாலும் ஒரே நேரத்தில் கிளம்பும், ஒரே வேகத்தில் போகாது.

தண்ணீர் ஓடி வந்ததைக் குறை சொல்ல வேண்டாம். நீளவாக்கில் 6 மி.மீ. சாய்ந்தால் அந்தப் பக்கம் போவது முக்கால் லிட்டருக்கும் கீழே.

பெரிய ஆக்சுவேட்டர் போட்டாலும் இதே கதைதான், அப்போது வேறொரு மூலை பின்தங்கும். நீங்கள் தறி ஓட்டுகிறவர், உங்களுக்குத் தெரியாததா? கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்றினால் பாட்டம் ஷாப்ட் ஒரு சுற்று, இரண்டையும் பல்சக்கரம் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி மோட்டார் வைத்து, சேர்ந்து ஓடும் என்று நம்புவீர்களா? இதுவும் அப்படித்தான். ஒரு மோட்டார், நாலு ஸ்குரூ, நாலையும் சுற்றி ஒரே செயின்.

பெருந்துறை கட்டடம்:
தரைத்தளம்தானே? மாடியாக இருந்தால் தண்ணீரை இப்போதே இறக்குங்கள். வீட்டு மாடித் தளத்துக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை சொல்லும் புழக்கச் சுமை (ஆட்கள், சாமான்களின் பாரம்) சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுதான். உங்கள் தொட்டி நிற்கும் இடத்தில் 750ஐத் தாண்டுகிறது. தரைத்தளம் என்றாலும் நாலு காலுக்கும் கீழே ஆறங்குலச் சதுரத்தில் தகடு வையுங்கள், இல்லாவிட்டால் டைல்ஸ் விட்டுவிடும்.

சோமனூர் தறிக்காரன்:
தரைத்தளம்தாங்க. தகடு வைக்கவில்லை, வைத்துவிடுகிறேன். தறி உதாரணம் மண்டையில் ஏறிவிட்டது, எனக்கே தோன்றியிருக்க வேண்டும். அண்ணா, ஸ்குரூ எந்த அளவு? அந்த 'டிக்' சத்தம் என்னவாக இருக்கும்?

ஆவாரம்பாளையம் லேத்து:
சத்தம் முதலில். மேஜை டிராயரை ஒரு ஓரமாகப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு நிற்கும், இன்னும் இழுத்தால் 'டக்' என்று விடும். உங்கள் சட்டம் வழிகாட்டும் குழாயில் அப்படித்தான் இறுகி விட்டிருக்கும். கண்ணாடியாக இருந்தால் இந்நேரம் வீடெல்லாம் தண்ணீர். இருந்தாலும் தொட்டியைக் காலி செய்து, நாலு மூலை சிலிக்கானையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டம் முறுகினாலும் கண்ணாடி முறுகாது, அந்த விசையெல்லாம் ஒட்டின இடத்தில் போய் நிற்கும்.

ஸ்குரூ 20 மி.மீ. தடிமன், 4 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. ஏறும்), பல்லின் பக்கங்கள் சாய்ந்திருக்கும் சாய்பல் மரை. நட் கன்மெட்டல் (வெண்கல வகை). பால் ஸ்குரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் வகை) லேசாகச் சுற்றும் என்று யாராவது ஆசை காட்டினால் வாங்க வேண்டாம். அது பாரத்தில் தானாகவே பின்னால் சுற்றி இறங்கும். இந்த மரையில் உராய்வு அதிகம், கரண்ட் போனாலும் போன இடத்தில் நிற்கும். சட்டத்தில் நாலு கால் என்றால் பாரம் சில சமயம் எதிரெதிர் மூலை இரண்டில் மட்டும் உட்காரும், அதனால் ஒவ்வொரு ஸ்குரூவும் 350 கிலோ தாங்கும் என்று கணக்குப் போடுங்கள். அடியில் த்ரஸ்ட் பேரிங் (மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கும் பேரிங்) கட்டாயம்.

மோட்டார் கால் ஹெச்.பி. போதும், கியர் பாக்ஸோடு நிமிடத்துக்கு 60 சுற்று. ஓர் அடி ஏற ஒன்றேகால் நிமிடம் ஆகும், அவசரம் ஒன்றுமில்லையே. 18 பல் ஸ்ப்ராக்கெட் வைத்தால் செயினில் வரும் இழுவை 40, 50 கிலோதான், சைக்கிள் செயினே தாங்கும். தொய்வு எடுக்க ஒரு டென்ஷனர் வையுங்கள். செயினை மாட்டும் முன் ஒவ்வொரு ஸ்குரூவையும் கையால் சுற்றிச் சட்டத்தை மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு பல் தள்ளினால் கால் மி.மீ. கூட மாறாது, அவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்கலாம்.

ஏற்றி முடித்ததும் நாலு காலிலும் 16 மி.மீ. பின் செருகி, பாரத்தைப் பின்மேல் உட்கார வைத்துவிடுங்கள். வருஷக்கணக்கில் ஸ்குரூவே சுமக்க வேண்டாம்.

திருப்பூர் மீன்பைத்தியம்:
காலி செய்யும்போது பழைய தண்ணீரை டிரம்மில் பிடித்து வையுங்கள், ஆஸ்கர் அதிலேயே இருக்கட்டும். ஏர் ஸ்டோன் போட்டு, மேலே வலை கட்டுங்கள். குதித்துவிடும். கேனிஸ்டர் ஃபில்டரின் (தொட்டிக்கு வெளியே வைக்கும் டப்பா வடிகட்டி) குழாய்களில் ஓர் அடி கூடுதலாக விடுங்கள். தூக்கும் முன் ஃபில்டரை நிறுத்தி வால்வை மூட வேண்டும்.

பெருந்துறை கட்டடம்:
மோட்டார் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) இருக்கட்டும். மேலும் கீழும் லிமிட் சுவிட்ச் (எல்லை வந்ததும் மோட்டாரை நிறுத்துவது). பட்டன், விரல் வைத்திருக்கும்வரை மட்டும் ஓடுவதாக இருக்க வேண்டும், விரலை எடுத்தால் நிற்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அடியில் மூடி அடித்துவிடுங்கள்.

ஆவாரம்பாளையம் லேத்து:
தொட்டியை வைத்து சோதனை செய்ய வேண்டாம். 14 சிமெண்ட் மூட்டை அடுக்கினால் 700 கிலோ. கல் இருக்கும் மூலையில் ஒரு மூட்டையைக் கூடுதலாகத் தள்ளி வைத்து 20 தடவை ஏற்றி இறக்குங்கள். ராத்திரி மேலேயே விட்டுக் காலையில் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

சோமனூர் தறிக்காரன்:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். ஸ்குரூ நாலும் கோவை கணபதியில் கடைந்து வாங்கினேன். செயின், ஸ்ப்ராக்கெட் எல்லாம் இங்கேயே பழைய சாமான் கடையில் கிடைத்தன. சிமெண்ட் மூட்டையில் முதல் ராத்திரி ஒரு மூலை 2 மி.மீ. இறங்கியிருந்தது. நட்டைப் பிடிக்கிற தகடு வளைந்திருக்கிறது, 10 மி.மீ. தகடாக மாற்றியதும் நின்றுவிட்டது.

சிலிக்கானில் சேதம் இல்லை. தண்ணீர் நிரப்பி, கண்ணாடியின் நாலு மூலையிலும் பென்சிலால் கோடு போட்டு ஏற்றினேன். கோட்டை விட்டுத் தண்ணீர் நகரவில்லை. கல்லையும் நடுவுக்கு மாற்றிவிட்டேன்.

ஒரு தப்பு நடந்தது. இரண்டாம் நாள் வால்வை மூட மறந்து ஏற்றியதில் குழாய் பிடுங்கிக்கொண்டு, கூடத்தில் நாலு பக்கெட் தண்ணீர். மீன்பைத்தியம் அண்ணா சொன்னதைப் படித்துவிட்டு மறந்ததற்கு வீட்டில் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது ஞாயிறு காலையில் அப்பாவே பட்டனை அழுத்தி இறக்கிக்கொள்கிறார். ஸ்குரூவுக்கு என்ன கிரீஸ் போடலாம்? சொட்டினால் தண்ணீரில் கலந்துவிடுமோ என்று யோசனை.

ஆவாரம்பாளையம் லேத்து:
ஸ்குரூ தொட்டிக்கு வெளியே, சட்டத்துக்கு அடியில்தானே நிற்கிறது, கலக்காது. சாதாரண லித்தியம் கிரீஸ், மரையில் மட்டும் மெல்லிசாக. அப்பா கையில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதே கையைத்தான் தண்ணீருக்குள் விடுவார்.