நடந்தால் கெண்டைக்கால் வலி, நின்றால் விட்டுவிடுகிறது: அப்பாவுக்கு இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா?

பொருநைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 64. முப்பத்திரண்டு ஆண்டுகள் பேருந்து நடத்துநராக நின்றபடியே வேலை பார்த்தவர். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். பீடிப் பழக்கம் அதைவிடப் பழையது. இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீல நிறத்தில் சுருண்டு புடைத்திருக்கும். பல ஆண்டுகளாக அப்படித்தான் இருக்கிறது என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

கடந்த ஆறு மாதங்களாக வேறொன்றைக் கவனித்து வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து தேநீர்க் கடை முந்நூறு மீட்டர் தூரம் இருக்கும். பாதி வழியில், தேரடிக்கு வந்ததும் அப்பா நின்றுவிடுகிறார். அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் படிப்பவர்போல் இரண்டு மூன்று நிமிடம் நிற்பார். பிறகு இயல்பாக நடக்கத் தொடங்குவார். ஒரே சுவரொட்டியை ஒரு வாரமாகப் படிக்கிறீர்களே என்று கேட்டபோதுதான், இடது கெண்டைக்காலை யாரோ துணி பிழிவதுபோல் முறுக்குவதாகவும், நின்றால் விட்டுவிடுவதாகவும் சொன்னார். தொட்டுப் பார்த்தால் இடது பாதம் வலதைவிடச் சில்லென்று இருக்கிறது.

பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நடக்கும் இலவச முகாமுக்குத் தினமும் போய் வருகிறார். அதிரும் கருவியின்மேல் பாதங்களை வைத்து அரைமணி நேரம் உட்கார வைக்கிறார்கள். இரத்த ஓட்டம் சீராகும் என்று சொல்லி, அந்தக் கருவியைப் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறார்கள். புடைத்த நரம்புகளைப் பார்த்த மருந்துக் கடைக்காரர் ஒருவர் இறுக்கமான நீளக் காலுறை கொடுத்திருக்கிறார், இன்னும் போடவில்லை. அம்மாவோ உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைக்கச் சொல்கிறார். இவற்றுள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

வெண்சீருடை

சகோதரிக்கு வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் செவிலியராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் நான். விளக்கத்துக்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மருத்துவர் பார்க்கும்வரை அந்தக் காலுறையை அப்பாவுக்குப் போடாதீர்கள். வெந்நீரும் வேண்டாம்.

நம் பேச்சு வழக்கில் உடம்புக்குள் நூல்போல ஓடுவதெல்லாம் நரம்புதான். உணர்ச்சியைக் கடத்துவதும் நரம்பு, இரத்தம் ஓடும் குழாயும் நரம்பு, தசையை எலும்போடு பிணைக்கும் நாணும் நரம்பு. அதேபோல், "ரத்த ஓட்டம் சரியில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நோய்களை அடக்கிவிடுகிறோம். இதயத்திலிருந்து காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து வழி குறுகிப்போவது ஒன்று. காலிலிருந்து மேலே இரத்தத்தைத் திருப்பும் சிரையில் வால்வுகள் பழுதடைந்து இரத்தம் கீழேயே தேங்குவது மற்றொன்று. முன்னதில் காலுக்கு இரத்தம் வந்து சேர்வதில்லை. பின்னதில் வந்த இரத்தம் திரும்புவதில்லை. ஆகவே ஒன்றுக்கான வைத்தியம் மற்றொன்றுக்குக் கேடாகும். சிரை நோய் உள்ளவர் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தால் சுகப்படுவார்; தமனி அடைத்தவர் அதே காலை உயர்த்தினால் வலியால் துடிப்பார். அழுத்தக் காலுறை தேங்கிய இரத்தத்தை மேலே தள்ள உதவும். ஆனால் ஏற்கெனவே இழையாக வந்துகொண்டிருக்கும் தமனி இரத்தத்தை அது மேலும் நெரித்து, தோலையே கருகச் செய்துவிடக்கூடும்.

உங்கள் அப்பாவுக்கு வெளியில் தெரிவது சிரை நோய். ஆனால் நீங்கள் விவரிக்கும் வலி சிரை வலிபோல் இல்லை. குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும், உட்காரக்கூட வேண்டாமல் வெறுமனே நின்றாலே சில நிமிடங்களில் விட்டுவிடுவதும் தமனி அடைப்பின் தனி அடையாளம். ஜெர்மானியர் இதற்குக் கடைச்சாளர நோய் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வலியோடு நிற்பவர்கள் கடைக் கண்ணாடியில் பொருள் பார்ப்பதுபோல் நிற்பார்களாம். உங்கள் அப்பாவின் அஞ்சலிச் சுவரொட்டியும் அதுதான். பன்னிரண்டு ஆண்டுச் சர்க்கரையும் பீடியும் சேர்ந்திருக்கும்போது இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

வீட்டிலேயே சிலவற்றைப் பார்க்கலாம். பாதத்தின் மேற்புறத்தில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலிருந்து மேல்நோக்கிச் சென்றால் நடுப்பாதத்தில் ஒரு நாடி துடிக்கும். உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் மற்றொன்று துடிக்கும். கட்டைவிரலால் தேடாமல், இரண்டு விரல் நுனிகளை மென்மையாக வைத்துப் பாருங்கள். முதலில் உங்கள் காலில் பழகிக்கொண்டு பிறகு அப்பாவின் காலைப் பாருங்கள். மேற்புற நாடி சிலருக்குப் பிறவியிலேயே கைக்குத் தட்டுப்படாது என்பதால் இரண்டு இடங்களையும் பார்க்க வேண்டும். பிறகு அவரைப் படுக்க வைத்து இரண்டு கால்களையும் ஒரு நிமிடம் உயர்த்திப் பிடியுங்கள். வலி வந்தால் உடனே இறக்கிவிடுங்கள். ஓர் உள்ளங்கால் மட்டும் வெளுத்து, கட்டிலில் உட்கார்ந்து தொங்கவிட்டதும் வெகுநேரம் கழித்து நிறம் திரும்பி, பிறகு அளவுக்கு மீறிச் சிவந்தால் அதுவும் தமனி அடைப்பைக் காட்டும். அந்தச் சிவப்பைப் பார்த்து "நன்றாக ரத்தம் ஓடுகிறது" என்று மகிழ்ந்துபோன குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே முடி உதிர்ந்து தோல் மினுமினுப்பதும், நகம் தடித்து மெல்ல வளர்வதும் துணைக் குறிகள்.

அதிரும் கருவியால் தசைக்குச் சற்று இதமாக இருக்கலாம். ஆனால் குறுகிய தமனியை அது விரிக்காது. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு, கணுக்காலின் இரத்த அழுத்தத்தையும் கையின் இரத்த அழுத்தத்தையும் ஒப்பிடும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுத்தால் 1.0 முதல் 1.4 வரை வருவது இயல்பு, 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு உண்டு. நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவர் சுண்ணம்போல் இறுகி, அளவு பொய்யாகக் கூடித் தெரிவதும் உண்டு. அப்போது கால் விரலில் அழுத்தம் பார்ப்பார்கள்.

இரண்டு கேள்விகளுக்கு மட்டும் உடனே பதில் சொல்லுங்கள். இரவில் படுத்திருக்கும்போது பாதம் வலிக்கிறதா? விரலிடுக்குகளிலோ குதிகாலிலோ சிறு புண்ணாவது இருக்கிறதா?

கடைவீதி

நான் துணிக்கடையில் பதினான்கு ஆண்டுகளாக விற்பனையாளராக இருக்கிறேன். மேலே செவிலியர் அம்மா சொன்ன இரண்டாவது வகை, அதாவது சிரை நோய், என்னுடையது. வேறுபாடு தெரியட்டும் என்பதற்காக எழுதுகிறேன். எனக்குக் காலையில் ஒன்றும் இருக்காது. மாலை ஆறு மணிக்கு மேல் கால் கனக்கும். கொலுசு பதிந்த இடம் பள்ளமாகத் தெரியும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல நிமிரும். நடந்தால் எனக்குச் சுகம், நின்றால்தான் வேதனை. உள் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்கத் தொடங்கியபோதுதான் மருத்துவரிடம் போனேன். கெண்டைக்கால் தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் இரத்தத்தை மேலே தள்ளும் இறைப்பானாக வேலை செய்கிறது என்றும், அசையாமல் நின்றால் அந்த இறைப்பு நடக்காது என்றும் விளக்கினார். இரத்தம் ஓடுவதை ஒலியலையால் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து, தமனி நன்றாக இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகே காலுறை எழுதிக் கொடுத்தார். காலையில் கட்டிலைவிட்டு இறங்குவதற்கு முன்பே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். வீங்கிய பிறகு போட்டால் பயன் குறைவு. மணிக்கொரு முறை குதிகாலை உயர்த்தி உயர்த்தி இருபது தடவை நிற்கிறேன்.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டிலேயே கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் கடையிலும் நாற்காலி வந்தது. வாடிக்கையாளர் இல்லாத பத்து நிமிடம் உட்கார்ந்தாலும் மாலையில் கால் வீக்கத்தில் வேறுபாடு தெரிகிறது.

மலைச்சாரல்

பீடியைப் பற்றி நான் சொல்ல வேண்டும். என் அண்ணனுக்கு முப்பத்தாறு வயதில், சர்க்கரையும் இல்லாமல் கொழுப்பும் இல்லாமல், கால் விரல் நுனி கறுத்தது. புகையிலைப் பழக்கம் உள்ள இளைஞர்களின் கை கால்களில் சிறு தமனிகள் அழன்று அடைபடும் பர்கர் நோய் என்றார்கள். 1908இல் அதை விரிவாக விவரித்த மருத்துவரின் பெயராம். அந்த நோயை நிறுத்துவதற்குப் புகையிலையை முற்றிலும் விடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று மருத்துவர் சொன்னார். அண்ணன் ஒரு நாளைக்கு ஒன்று என்று குறைத்தார், விடவில்லை. இரண்டு விரல்களை எடுத்தார்கள். அடியோடு விட்ட பிறகுதான் நோய் நின்றது. ஒன்பது ஆண்டுகளாகிறது, மூன்றாவது விரல் பத்திரமாக இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு இருப்பது அந்த நோய் அல்ல என்று தோன்றுகிறது. ஆனாலும் குறைத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் புகையிலையை விடுவதற்கு ஆலோசனை தருகிறார்கள்.

பொருநைக்கரை

அனைவருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்டேன். மூன்று வாரமாக அப்பா கட்டிலில் படுப்பதில்லையாம். நாற்காலியில் உட்கார்ந்து இடது காலைத் தொங்கவிட்டபடியே தூங்குகிறாராம். புழுக்கத்துக்காக என்று அம்மா நினைத்திருக்கிறார். சுண்டுவிரலின் வெளிப்புறத்தில், செருப்பு வார் உரசும் இடத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு புண் இருக்கிறது. ஓரம் கறுத்து, நடு வெளுத்து, வலியே இல்லாமல் இருக்கிறது. இடது பாதத்தில் இரண்டு இடத்திலும் நாடி எனக்குத் தட்டுப்படவில்லை.

வெண்சீருடை

நாளை காலையே அழைத்துப் போங்கள். அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். காலைத் தொங்கவிட்டால்தான் தூக்கம் வருகிறது என்பது, ஓய்விலிருக்கும்போதுகூடப் பாதத்துக்கு இரத்தம் போதவில்லை என்பதன் அடையாளம். தொங்கும்போது புவியீர்ப்பு சிறிது உதவுகிறது. புண்ணில் வலி இல்லாதது நல்ல செய்தி அன்று. சர்க்கரை உணர்ச்சி நரம்பைக் கெடுத்திருப்பதால்தான் அது வலிக்கவில்லை. எங்கள் பிரிவுக்கு வந்த ஒரு பெரியவர், குதிகாலில் வெந்நீர்ப் பை சுட்டுக் கொப்புளம் உடைந்து, போர்வையில் ஒட்டிய பிறகுதான் தெரிந்துகொண்டார். அதனால்தான் வெந்நீரை அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

இரத்தநாள அறுவைச் சிகிச்சை நிபுணர் பார்ப்பது நல்லது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் வழிகாட்டுவார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறையே இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை புண்ணை உலர்ந்த சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். களிம்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டு, விரலை அசைக்க முடியாமல் போனால் அந்த நிமிடமே 108ஐ அழையுங்கள். சில மணி நேரத்துக்குள் அடைப்பை நீக்காவிட்டால் காலைக் காப்பாற்றுவது கடினம்.

ஆற்றங்கரை

இடையில் எழுதுவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு இரண்டு பாதமும் இரவில் எரியும், மரத்துப்போகும். ரத்த ஓட்டம் இல்லை என்று இரண்டு ஆண்டுகள் எண்ணெய் தேய்த்தோம். சோதித்தால் நாடி நன்றாகத் துடித்தது, அளவும் 1.1 வந்தது. சர்க்கரையால் வந்த நரம்புச் சேதமும், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டதால் வைட்டமின் பி12 குறைந்ததும் சேர்ந்துதான் காரணம் என்றார்கள். எரிச்சலோ மரத்துப்போவதோ இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை

இரண்டரை மாதங்களுக்குப் பின் எழுதுகிறேன். மறுநாளே போனோம். கையில் 150, இடது கணுக்காலில் 78, அளவு 0.52. வலது காலிலும் 0.86தான் வந்தது. தொடையில் தமனி அடைத்திருப்பதைப் படம் எடுத்துக் காட்டினார்கள். பலூன் வைத்து விரித்தார்கள். செலவு காப்பீட்டில் அடங்கிவிட்டது. இரத்தம் கட்டியாகாமல் இருக்க ஒரு மாத்திரையும், கொழுப்பு மாத்திரையும் தொடர்கின்றன. காலில் வரும் அடைப்பு இதயத்திலும் இருக்கலாம் என்று இதயத்தையும் பரிசோதித்தார்கள். அந்தக் காலுறையைப் போட்டிருந்தால் சுண்டுவிரலோடு நின்றிருக்காது என்று மருத்துவர் சொன்னபோது, அதைப் போடலாமா என்று கேட்ட எனக்குக் கை நடுங்கியது.

புண் ஆறிய பிறகு நடைப்பயிற்சி தொடங்கச் சொன்னார்கள். கெண்டைக்கால் நன்றாக வலிக்கும்வரை நடப்பது, வலி முழுதும் போகும்வரை நிற்பது, மறுபடி நடப்பது என்று முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம், வாரத்தில் மூன்று நாளாவது, குறைந்தது பன்னிரண்டு வாரம். வலியோடு நடந்தால் கெடுதல் ஆகுமோ என்று பயந்தோம்; தொடையின் பெரிய தமனி குறுகியிருந்தாலும் அதைச் சுற்றியுள்ள கிளைகள் வழியாகவும் இரத்தம் வரும் என்றும், தசையும் கிடைக்கும் இரத்தத்தை நன்றாகப் பயன்படுத்தப் பழகிக்கொள்ளும் என்றும் விளக்கினார்கள். பீடியை விட்டு 71 நாளாகிறது. முதல் பத்து நாள் வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை.

வார் உரசாத எம்.சி.ஆர். (மென்மையான நுண்துளை ரப்பர்) செருப்பு வாங்கியிருக்கிறோம், வீட்டுக்குள்ளும் அதைத்தான் போடுகிறார். இரவு படுக்கும் முன் அம்மா கண்ணாடியை அவருடைய உள்ளங்காலுக்குக் கீழே பிடித்து, டார்ச் அடித்து விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். அப்பா இப்போது கட்டிலில் படுத்துத் தூங்குகிறார். நேற்று தேரடியைத் தாண்டி, அஞ்சல் நிலைய வாசல்வரை நிற்காமல் போனார்.